வில்பத்துக் காட்டில் ஜீப் பயணம்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் இருந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வில்பத்துக்குப் போய்வருபவன் நான். அது தெரிந்த நாளிலிருந்து உறவினர், கூட வேலை செய்பவர்கள், அவர்களுடைய மைத்துனர்கள் என்று யாராவது போன் எடுத்துக் கேட்டபடியே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பவருக்கும் கனடாவிலிருந்து லீவில் வருபவருக்கும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வில்பத்து எங்கே இருக்கு? யால மாதிரித்தானே?

இலங்கையின் வடமேற்கில், புத்தளத்துக்கும் மன்னாருக்கும் அநுராதபுரத்துக்கும் நடுவே இருக்கிறது. தெற்கே கலா ஓயா, வடக்கே மோதரகம் ஆறு, மேற்கே கடல். பரப்பு 1,317 சதுர கிலோமீற்றர்; நாட்டின் தேசியப் பூங்காக்களில் இதுதான் பெரியது. 1905இல் சரணாலயமாக ஒதுக்கி, 1938இல் தேசியப் பூங்காவாக்கினார்கள்.

யால மாதிரி இல்லை. தெற்கே இருக்கும் யால தேசியப் பூங்காவில் பற்றைக்காடும் வெளியுமாக இருப்பதால் தூரத்தில் நிற்பதும் கண்ணில் படும். வில்பத்துக்குள் நுழைந்ததும் நீண்ட தூரத்துக்கு இரண்டு பக்கமும் பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று அடர்ந்த காடுதான். பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று மரங்கள் விலகி, வெயில் கொட்டும் ஒரு பெரிய வெளியும் அதன் நடுவே தண்ணீரும் வரும். அதுதான் வில்லு.

வில்லு என்றால் குளமோ?

குளத்தை மனிதர் கட்டினார்கள். வில்லை யாரும் கட்டவில்லை. மணல் நிலத்தில் இயற்கையாகவே அமைந்த பள்ளம், மழைத்தண்ணீர் நிறைந்து ஏரிபோல நிற்கிறது. அணை கிடையாது, மதகு கிடையாது. கரையைச் சுற்றிப் புல்வெளி, அதற்கு அப்பால் பற்றை, அதற்கும் அப்பால் பெருங்காடு. வில்பத்து என்ற பெயரே இந்த வில்லுகளால் வந்தது. உள்ளே ஏறத்தாழ 60 இருக்கின்றன. கடலோடு தொடுப்பே இல்லாமல் உப்புக்கரிக்கும் வில்லுகளும் உண்டு. ஈரநிலமாக இவற்றுக்கு இருக்கும் மதிப்புக்காக 2013இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

பெயர்களைக் கவனித்துக் கேளுங்கள். காளி வில்லு, கொக்காரி வில்லு, பெரிய நாக வில்லு, சின்ன ஊற்று வில்லு என்று ஒரு பக்கம். நெலும் வில, கும்புக் வில, பணிக்க வில என்று இன்னொரு பக்கம். தமிழும் சிங்களமும் ஒரே காட்டில் கலந்து கிடக்கின்றன. சாரதி ஒவ்வொரு பெயராகச் சொல்லும்போது எனக்கு அது காதுக்கு இனிமையாக இருக்கும்.

புலி பார்க்கலாமாம், உண்மையோ அண்ணை?

வரிப்புலி இலங்கையில் எங்குமே இல்லை. பார்க்கக் கிடைப்பது சிறுத்தை. நம் ஆட்கள் பேச்சில் அதையும் புலி என்றே சொல்வதால் வருகிற குழப்பம் இது. இலங்கைச் சிறுத்தை தனி உள்ளினம், வேறு நாட்டில் கிடையாது. இங்கே அதற்கு மேலே வேட்டையாடும் பெரிய விலங்கு இல்லாததால், பகலிலும் தெருவில் சாவகாசமாக நடந்து போவதைப் பார்க்கலாம்.

சிறுத்தை மட்டும்தான் என்று வராதீர்கள். கரடி, யானை, மரை, புள்ளிமான், காட்டெருமை, முதலை, நரி, உடும்பு, உக்குளான், இருவாய்ச்சி, சங்குவளை நாரை என்று பட்டியல் நீளம். நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழி காலையில் ஜீப்புக்கு முன்னாலேயே தெருவைக் குறுக்கறுத்து ஓடும். யானையைப் பற்றி ஒன்று: இலங்கையில் ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை. கொம்பன் வரவில்லை என்று குறைப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்களிடம் நல்ல வான் இருக்கு. அதிலேயே போக முடியாதோ?

முடியாது. பாதை முழுக்க மணலும் செம்மண்ணும். இடையிடையே பள்ளமும் வேரும். நான்கு சக்கரமும் இழுக்கிற, தரையிலிருந்து உயரமான வாகனம் வேண்டும். சொந்தமாக அப்படியொன்று இருந்தால் அனுமதி எடுத்துப் போகலாம்.

ஆனாலும் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது, வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டு ஊர் ஜீப்பில் ஏறுங்கள் என்பதுதான். பிக்கப்பின் பின்புறத்தில் உயர்த்திக் கட்டிய ஆசனங்களில் இருந்தால் பற்றைக்கு மேலால் பார்க்கலாம். பாதையில் கண் வைக்க ஒருவர், காட்டில் கண் வைக்க நீங்கள். இரண்டையும் ஒருவரே செய்தால் ஒன்றும் உருப்படியாக நடக்காது.

ஜீப்பை எப்படிப் பிடிப்பது? எவ்வளவு கேட்பார்கள்?

ஜீப்புக்கான காசு வாகனத்துக்கு, ஆளுக்கல்ல. ஆறு பேர் ஏறினாலும் இரண்டு பேர் ஏறினாலும் அது ஒன்றுதான். ஆகவே நான்கைந்து பேராகச் சேர்ந்து போவது சுகம். இது தவிர வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு நுழைவுக் கட்டணம், வாகனக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று தனியாக உண்டு. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

தொகை அடிக்கடி மாறுவதால் எண்ணை எழுதவில்லை. போனில் பேசும்போது இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: சொல்கிற விலையில் ரிக்கெட் சேர்ந்ததா? எத்தனை மணிக்கு வாசலில் நிற்போம்? எத்தனை மணிக்கு வெளியே வருவோம்? கடைசிக் கேள்வியை நாம் கேட்பதேயில்லை. அரை நாள் என்று காசு வாங்கிவிட்டு இரண்டரை மணித்தியாலத்தில் திரும்பிய ஜீப்பில் நானும் ஒருமுறை இருந்திருக்கிறேன்.

எந்த வாசலால் போவது?

பெரும்பாலானவர்கள் போவது ஹுனுவில்கம வாசலால். புத்தளம் - அநுராதபுரம் வீதியில் மரகஹவெவ சந்தியில் திரும்ப வேண்டும். வடக்கிலிருந்து வருபவர்களுக்கு அநுராதபுரம் வரை ரயிலும் இருக்கிறது. அங்கிருந்து வாசலுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும்.

மற்றது எழுவன்குளம் வாசல், புத்தளப் பக்கம். கடற்கரைப் பகுதியைப் பார்ப்பவர்களுக்கு அது கிட்ட. ஆனால் மழைகாலத்தில் அங்கே கலா ஓயாவைக் கடக்கிற தாழ்வான சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். விசாரிக்காமல் புறப்பட வேண்டாம்.

முந்தின இரவு வாசலுக்குக் கிட்ட எங்காவது தங்குங்கள். கதவு காலை 6 மணிக்குத் திறக்கும். வவுனியாவிலிருந்து இருட்டோடு புறப்பட்டு ஓடி வந்தால், நல்ல நேரத்தில் ஆள் தூங்கி வழியும்.

எந்த மாதம் நல்லது?

ஒவ்வொரு காலத்துக்கு ஒவ்வொன்று. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைமழை. வில்லெல்லாம் நிறைந்து காடு பச்சைப்பசேல் என்று இருக்கும். வலசைப் பறவைகள் வந்திருக்கும். ஆனால் எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் வில்லுக்கு வரவேண்டிய தேவை குறைவு, பாதையும் சேறு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடும் வரட்சி. அப்போது தண்ணீர் எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே எல்லாம் வந்து சேரும்.

எனக்குப் பிடித்தது பாலைப்பழக் காலம். மே, ஜூன், ஜூலை என்று மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். சின்ன மஞ்சள் பழம், பால் ஒட்டும், தேனாக இனிக்கும். கரடிக்கு அதில் அப்படியொரு ஆசை. ஒருமுறை காளி வில்லுப் பக்கம் ஒரு பாலைமரத்தடியில் நின்றோம். மேலே கொப்பு முறிகிற சத்தம். அண்ணாந்து பார்த்தால் கறுப்பாக ஒரு மூட்டை. கவட்டில் இருந்துகொண்டு நீண்ட நகத்தால் கொப்பைத் தன் பக்கம் வளைத்து, உதட்டாலேயே பழத்தை உருவிக்கொண்டிருந்தது. பழமும் இலையும் எங்கள் ஜீப்பின் கூரையில் பொட்டுப்பொட்டென்று விழுந்தன. இருபது நிமிஷம் எங்களை அது சட்டை செய்யவேயில்லை.

அரை நாள் போதுமோ, முழு நாள் வேண்டுமோ?

முடிந்தால் முழு நாள். முதற்கேள்வியில் சொன்னபடி, வில்லுகள் தொடங்குகிற இடத்துக்குப் போவதற்கே கணிசமான தூரம் காட்டுக்குள் ஓட வேண்டும். பூங்காவுக்குள் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. அரை நாளில் போய்வருவதிலேயே நேரம் கரைந்துவிடும். காலை என்றால் 6 மணிக்கு உள்ளே நிற்கவேண்டும். பின்னேரம் என்றால் 2 மணியளவில் புறப்பட்டு 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

முழு நாளில் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் உறைக்கும், விலங்கு நடமாட்டம் குறையும். அந்த நேரத்தில் குறித்த இடமொன்றில் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம். பறவை பார்ப்பவர்களுக்கு அந்த நேரமும் வீணில்லை.

வழிகாட்டி எதற்கு? சாரதிக்கே எல்லாம் தெரியும்தானே?

நல்ல சாரதிக்குத் தெரியும்தான். ஆனால் அவருடைய கண் பாதி நேரம் பாதையில். திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவரை வாசலில் கேட்டுக் கூட்டிப்போனால் அவருடைய முழுக் கண்ணும் காட்டில்.

ஒரு விடியற்காலை, வழிகாட்டி ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு மணலைக் காட்டினார். சிறுத்தையின் காலடி. எங்களுக்கு அது வெறும் அடையாளம். அவரோ, “ரயர் தடத்தைப் பாருங்கள், காலடி அதற்கு மேலே கிடக்கிறது” என்றார். முந்தின நாள் பின்னேரம் கடைசி ஜீப் போனதற்குப் பிறகு அது நடந்திருக்கிறது. காலடியின் விளிம்பு இன்னும் உதிரவில்லை, உள்ளே பனித்துளி பட்ட பொட்டும் இல்லை. அப்படியென்றால் விடிந்த பிறகுதான் போயிருக்கிறது. நாங்கள் எஞ்ஜினை நிறுத்திவிட்டு இருந்தோம். நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு அது அதே வழியால் திரும்பி வந்தது. வழிகாட்டி இல்லாவிட்டால் அந்தக் காலடிக்கு மேலாலேயே நாங்கள் ஓடிப் போயிருப்போம்.

சாரதிக்குத் தமிழ் தெரியுமோ?

சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. முதலே கேட்டு வையுங்கள். சில சிங்களச் சொற்கள் தெரிந்தால் அன்றைய நாள் வேறு மாதிரி இருக்கும். கொட்டியா என்றால் சிறுத்தை, வலஹா கரடி, அலியா யானை, கிம்புலா முதலை, மொனரா மயில். “பொட்டக் நவத்தன்ன” என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். “ஹெமின் யன்ன” என்றால் மெதுவாகப் போங்கள். இந்தக் கடைசி இரண்டையும் பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு 70 வயது. சின்னப் பிள்ளையும் இருக்கு. கூட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம், யோசித்துப் போக வேண்டும். ஜீப் நன்றாகக் குலுக்கும். இடுப்பு வலி, முதுகில் சத்திரசிகிச்சை, கழுத்துப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளை நான் கூட்டிப்போவதேயில்லை. வயதானவர்களைச் சாரதிக்குப் பக்கத்திலோ பின்னால் முதல் வரிசையிலோ இருத்துங்கள். கடைசி வரிசையில்தான் தூக்கிப்போடுவது அதிகம். ஏறுகிற படி உயரம். அம்மாமாருக்கு ஒரு சின்ன ஸ்டூல் கொண்டுபோனால் உதவி.

பிள்ளைகளுக்குக் குலுக்கல் விளையாட்டு, சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு முழு நாள் வேண்டாம். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியையும் ஒரு கொப்பியையும் கொடுத்து, கண்டதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். என் மருமகள் ஒருநாளில் 31 பறவை எழுதினாள். பாதிக்குப் பெயர் தெரியாமல் “நீலத்தலை”, “வாலாட்டுறது” என்றெல்லாம் எழுதியிருந்தாள். அந்தக் கொப்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

சாப்பாடு, தண்ணீர், கழிவறை?

உள்ளே கடை இல்லை. விடியவே கட்டுச்சோறோ இடியப்பமோ எடுத்துக்கொள்ளுங்கள். மணம் தூக்கலான கறிகளைத் தவிர்த்தால் குரங்குத் தொல்லை குறையும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீராவது வேண்டும். பொலித்தீன் பை வேண்டாம், கொண்டுபோன போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பொலித்தீனைத் தின்று செத்த மானும் யானையும் கற்பனைக் கதையல்ல.

கழிவறை வாசலில் இருக்கிறது, உள்ளே இறங்க விடுகிற இடத்தில் உண்டு. நடுவழியில் பற்றைக்குப் பின்னால் போகலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஏனென்று இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

என்ன உடுப்பு?

பருத்தி, மங்கலான நிறம், முழுக்கை. புழுதிக்கு ஒரு துவாய் அல்லது லேஞ்சி. விடியற்காலையில் திறந்த ஜீப்பில் குளிரும், மெல்லிய ஜக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். வாசனைத் தைலம் வேண்டாம்.

ஜீப்பை விட்டு இறங்கலாமோ?

அனுமதித்த இடங்களில் மட்டும். பயமுறுத்தவென்று போட்ட சட்டமல்ல அது. பலரும் சிறுத்தைக்குப் பயப்படுகிறார்கள். வரண்ட வலயக் காட்டில் வாழ்கிற மனிதரிடம் கேளுங்கள், கரடி என்பார்கள். கரடிக்குக் கண் அவ்வளவு நல்லதில்லை, புற்றைக் கிண்டிக்கொண்டு தன் பாட்டில் நிற்கும். கிட்டப் போய்த் திடுக்கிடவைத்தால் ஓடுவதைவிடப் பாய்வதுதான் அதிகம், அதுவும் முகத்தை நோக்கி. சருகுக்குள் நச்சுப் பாம்பும், வில்லுக் கரையில் முதலையும் உண்டு.

இன்னொன்று: ஜீப்பையும் அதில் இருப்பவர்களையும் விலங்குகள் ஒரே பொருளாகப் பார்த்துப் பழகிவிட்டன. ஒரு ஆள் எழுந்து கையை நீட்டினாலோ காலைக் கீழே தொங்கவிட்டாலோ அந்தப் பழக்கம் குலைந்துவிடும்.

யானை பாதையை மறித்து நின்றால்?

ஒன்றும் செய்யாதீர்கள். கத்தாதீர்கள், கை தட்டாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள். சாரதியின் முடிவுக்கு விடுங்கள். அவர் எஞ்ஜினை நிறுத்தினாலும் பின்னால் எடுத்தாலும் “ஏன்” என்று கேட்காதீர்கள். காதை விரித்து, தலையை உயர்த்தி, மண்ணைத் தூக்கியெறிந்து இரண்டு அடி ஓடி வந்து நிற்பது பெரும்பாலும் வெருட்டு. குட்டி கூட நிற்கிற கூட்டமும், கன்னத்தில் மதநீர் வடிகிற ஆண் யானையும் வேறு. அவற்றுக்கு வழியை விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

சாரதி யானைக்குக் கிட்டப் போய் எஞ்ஜினை உறுமவைத்து விளையாட்டுக் காட்டினால், உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். காசு கொடுத்தது நீங்கள், சொல்ல உரிமை உண்டு.

ஜீப் மணலில் புதைந்தால்?

புதையும். அது விபத்தல்ல. வில்லுக் கரையோரத்து இளமணலிலும், மழை விட்ட பிறகு செம்மண் சேற்றிலும் தேர்ந்த சாரதியின் வண்டியும் தாழும். அப்போது அக்சிலறேற்றரை மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே கிடங்கு வெட்டிக்கொள்ளும். நிதானமானவர் தாழ்கியரில் நான்கு சக்கரத்தையும் போட்டு மெல்ல முன்னும் பின்னும் அசைப்பார். அதற்கும் வராவிட்டால் ரயரில் காற்றைக் குறைப்பார். ரயர் பரந்து மணலைப் பிடித்துக்கொள்ளும். ரயருக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, விழுந்து கிடக்கும் காய்ந்த தடிகளை வைப்பதும் உண்டு. பச்சைக் கொப்பு முறிப்பதில்லை.

போன் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது. பின்னால் வருகிற ஜீப்தான் உதவி; கயிறு கட்டி இழுத்துவிட்டுப் போவார்கள். இறங்கித் தள்ளச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். புறப்பட முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: உதிரிச் சக்கரம், ஜாக், இழுவைக் கயிறு. இந்த மூன்றும் இல்லாத ஜீப்பில் நான் ஏறுவதில்லை.

கண்ணிவெடி இருந்த இடம் என்கிறார்களே, பயமில்லையோ?

கேட்க வேண்டிய கேள்விதான். போர் காரணமாக 1988இல் பூங்காவை மூடினார்கள். 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் உள்ளே கண்ணிவெடியில் ஒரு ஜீப் சிக்கி, சுற்றிப் பார்க்கப் போனவர்கள் உயிரிழந்தார்கள். மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த பிறகு 2010இல் திறந்தது. அன்றிலிருந்து ஜீப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நமது ஆட்கள் இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். காடு என்றாலே நினைவுக்கு வருவது வேறாக இருந்த தலைமுறை நாங்கள். என் தாய்மாமா முதல் தடவை வந்தபோது பாதி வழி வரைக்கும் பேசவேயில்லை. மாணிக்கபொல ஊற்றில் நூற்றுக்கணக்கான புள்ளிமான் புல் மேய்வதைக் கண்டதும்தான், “இதெல்லாம் இங்கேயே இருந்திருக்கு” என்றார்.

போனில் படம் எடுக்கலாமோ? ட்ரோன்?

போன், கமரா தாராளம். சத்தத்தையும் பிளாஷையும் நிறுத்திவையுங்கள். ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது. ஜீப் குலுக்கும்போது படம் எடுத்துப் பயனில்லை. “பொட்டக் நவத்தன்ன” சொல்லி, எஞ்ஜினை நிறுத்தச் செய்து எடுங்கள். தூரத்துச் சிறுத்தையைப் போனில் எடுத்தால் புள்ளிதான் விழும். அந்த நேரத்தைத் தொலைநோக்கியில் செலவழிப்பது மேல்.

குதிரைமலை வரைக்கும் போகத்தான் வேண்டுமோ?

சிறுத்தை தேடுபவர்களுக்கு அது சுற்றுவழி. போய்வர முழு நாளும் போகும். ஆனாலும் ஒருமுறையாவது போங்கள் என்பேன். செம்பு நிறத்தில் மண் மேடு கடலுக்குள் சரிந்து நிற்கும், கீழே நீலத்தண்ணீர். அல்லி ராணி ஆண்ட இடம் என்று கதை. கதைக்கு வெளியே எழுத்துச் சான்றும் உண்டு: முதலாம் நூற்றாண்டில் ரோமரான பிளினி, அன்னியஸ் புளோகாமஸ் என்பவருடைய ஆள் காற்றில் அடிபட்டு இலங்கையில் கரையேறிய துறைமுகத்தை ஹிப்புரோஸ் என்று எழுதிவைத்தார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. அந்தத் துறை குதிரைமலைதான் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள்.

பொம்பரிப்பும் இந்தப் பக்கம்தான். இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்த பெருங்கற்கால இடுகாடு அங்கே தோண்டியெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அதற்குள்ள ஒற்றுமையைத் தொல்லியலாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காட்டுக்குள் இரவு தங்கலாமோ?

திணைக்களத்தின் பங்களாக்களும் கூடாரம் அடிக்கிற இடங்களும் இருக்கின்றன. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விடுமுறைக் காலத்தில் கிடைப்பது அரிது. சாமான் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். இரவில் ஜீப்பில் சுற்ற அனுமதி இல்லை, மாலை 6 மணிக்குப் பிறகு பங்களாவோடு சரி.

முழு நாள் சுற்றினோம், சிறுத்தையும் இல்லை கரடியும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களோ?

எத்தனை இடத்தில் எஞ்ஜினை நிறுத்தினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில், “அப்படி நிறுத்தவில்லை, ஓடிக்கொண்டே இருந்தோம்.” ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இவ்வளவு அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் காதுதான் தேடித்தரும். ஓடுகிற ஜீப்பில் காது வேலை செய்யாது.

ஒரு வில்லுக் கரையில் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமே நடக்காது. பிறகு நத்தைகுத்தி நாரை தண்ணீரில் கால் வைக்கிற சத்தம்கூடக் கேட்கும். மேய்கிற மான்களில் ஒன்று தலையை நிமிர்த்தி, ஒரே திசையைப் பார்த்து, முன்காலை நிலத்தில் தட்டும். கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். மரத்தின் மேலே மந்தி அடித்தொண்டையால் குரைக்கும். இரண்டும் சேர்ந்து, விடாமல் கேட்டால் சிறுத்தை அசைகிறது என்று அர்த்தம். ஒரு குரலோடு நின்றுவிட்டால் வெறும் சந்தேகம்.

அப்படி இருந்தும் வராமல் போகலாம். நான் தொடர்ந்து நான்கு பயணம் சிறுத்தை காணாமல் திரும்பியிருக்கிறேன். யார் உத்தரவாதம் தந்தாலும் நம்பாதீர்கள்.

சிறுத்தை நிற்கிற இடத்தைச் சாரதிமார் போனில் ஆளாளுக்குச் சொல்வார்களாமே? எங்களுக்கும் சொல்லுவிக்கலாமோ?

சொல்வார்கள். அதனால் நடப்பதையும் கேளுங்கள். செய்தி வந்ததும் 25 கிலோமீற்றர் சட்டம் காற்றில் பறக்கும். வில்பத்து மணல் பாதை நேரானதல்ல, வளைவுக்கு வளைவு மானும் ஆமையும் குறுக்கே வரும். ஒருமுறை நான் போன ஜீப்பும் அப்படி ஓடியது. போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஜீப் அடைத்து நின்றன. இளம் பெண் சிறுத்தை ஒன்று பாதையைக் கடந்து தண்ணீருக்குப் போக மூன்று முறை பார்த்தது. மூன்று முறையும் யாரோ ஒருவர் வண்டியை முன்னால் எடுத்தார். கடைசியில் தண்ணீர் குடிக்காமலே காட்டுக்குள் திரும்பிவிட்டது. கடும் ஓகஸ்ட் மாதம். அந்தப் பக்கம் வேறு தண்ணீர் இல்லை. எனக்கு இன்றைக்கும் அது நெஞ்சில் நிற்கிறது.

கிட்ட ஒன்றிரண்டு ஜீப் மட்டும் நின்றால் மெல்லப் போய், தூரத்தில் நிறுத்தி, அது போகும் வழியை விட்டுப் பாருங்கள். கூட்டமாக இருந்தால் “வேண்டாம், வேறு வில்லுக்குப் போவோம்” என்று சொல்லுங்கள். சாரதிக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கேட்பார்.

சிறுத்தை காட்டினால் மேலதிகமாகக் காசு தருவதாகச் சாரதிக்குச் சொல்லலாமோ?

தயவுசெய்து சொல்லாதீர்கள். முந்தின பதிலில் வந்த ஒன்பது ஜீப்பும் அப்படி ஓடி வந்தவைதான். சாரதியைக் குறைசொல்லிப் பயனில்லை. லீசிங் கட்டுகிற மனிதர், சிறுத்தைக்கு ஒரு விலை, மானுக்கு ஒரு விலை என்று நாம் வைத்தால் அவர் எதைத் துரத்துவார்?

சந்தோஷமாக ஏதாவது கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், வழிகாட்டிக்கும் சேர்த்து. நான் அதைப் பயணம் முடிந்து கொடுப்பதில்லை. விடிய 6 மணிக்கு, வாசலில் ரிக்கெட் எடுக்கும்போதே சாரதியின் கையில் வைத்துவிட்டு, “ஹெமின் யன்ன, அண்ணை” என்று சொல்லிவிட்டு ஏறுவேன்.